விழுங்கு என்கிறார்கள், விளக்க மறுக்கிறார்கள்!



திருவெள்ளறையில் துறையூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது, நடவு வேலைக்குப் போகும் ஒரு அக்கா என்னிடம் ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். உள்ளே மூன்று அட்டை மாத்திரை, கசங்கிப்போன ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டு.

"தம்பி, நீங்க சங்கத்து ஆளு. இது என்ன மாத்திரைன்னு படிச்சுச் சொல்லுங்க. இதைத் தின்னா ஆளு கட்டையாயிருவான்னு சொல்றாங்களே, நெசமா?"

"யாருக்குக்கா இது?"

"என் தம்பிக்குத்தான். மண்ணச்சநல்லூரு ரைஸ்மில்லுல மூட்டை தூக்குறான். இப்ப எங்க தூக்குறான், வீட்டுல கெடக்குறான்."

பஸ் வருவதற்குள் அவர் சொன்ன கதை இதுதான். அந்தப் பையனுக்கு யாருமில்லாத இடத்தில் குரல் கேட்க ஆரம்பித்தது. மில்லில் தன்னைக் கொல்லச் சதி செய்கிறார்கள் என்றான். தூக்கம் போயிற்று, சாப்பாடு போயிற்று. பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். டாக்டர் பார்த்தார், வியாதியைச் சரியாகத்தான் கண்டுபிடித்தார், சரியான மருந்தைத்தான் எழுதினார். மூன்றாம் நாள் ராத்திரி பையனின் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. கண் இரண்டும் மேலே செருகின. நாக்கு புரளவில்லை. தெருவே கூடிவிட்டது. "உள்ளே இருப்பது வெளியே வர மறுக்கிறது" என்றார் ஒரு பெரியவர். மாத்திரை பரணுக்குப் போயிற்று. ஓரிரு நாளில் கழுத்து நேரானது. "பார்த்தீர்களா, மாத்திரைதான் பேய்!" என்று தீர்ப்பாயிற்று. இரண்டு மாதம் கழித்துக் குரல்கள் முன்னைவிட உரக்கத் திரும்பி வந்தன. இப்போது வீட்டில் சங்கிலிப் பேச்சு நடக்கிறது.

அந்தக் கழுத்துத் திருகல் பேயல்ல. அந்த மருந்தைத் தொடங்கிய முதல் சில நாட்களில், முக்கியமாக இளம் ஆண்களுக்கு, வரக்கூடிய ஒரு தசைப்பிடிப்பு. பார்க்கப் பயங்கரமாயிருக்கும். ஆனால் எந்த அரசாங்க ஆஸ்பத்திரியிலும் ஒரு ஊசி போட்டால் அநேகமாக அரை மணி நேரத்திற்குள் இறங்கிவிடும். பிறகு டாக்டர் மருந்தின் அளவைக் குறைப்பார், அல்லது வேறு மருந்துக்கு மாற்றுவார், அல்லது கூடவே இன்னொரு சிறு மாத்திரை கொடுப்பார். அவ்வளவுதான் சமாசாரம்!

"கழுத்து பிடித்துக்கொண்டால் பயப்படாதே, உடனே ஓடி வா" என்ற ஒரு வாக்கியம். அதைச் சொல்ல எத்தனை வினாடி ஆகும்? அந்த ஒரு வாக்கியம் சொல்லப்படாததால் ஒரு உழைப்பாளியின் இரண்டு மாத வாழ்வு பாழாயிற்று. குற்றவாளி யார்? எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத அந்த அக்காவா?

இரண்டு கூட்டத்தார்

இந்த விஷயத்தில் உழைப்பாளி மக்களை இரண்டு பக்கமிருந்தும் ஏய்க்கிறார்கள்.

ஒரு கூட்டம் சொல்கிறது: "இங்கிலீஷ் மருந்து தின்றால் மூளை மழுங்கும், ஆயுசுக்கும் அடிமையாகிவிடுவாய், தகடு கட்டு, தாயத்துக் கட்டு, இல்லாவிட்டால் ஆளையே கட்டு." இவர்களில் வயிற்றுப் பிழைப்புக்காகச் சொல்கிறவனும் உண்டு, பயத்தால் சொல்கிறவனும் உண்டு.

இன்னொரு கூட்டம் வெள்ளைக் கோட்டுக்குள்ளிருந்து சொல்கிறது: "கேள்வி கேட்காதே. கொடுத்ததை விழுங்கு. உனக்குச் சொன்னால் புரியாது." நூறு பேர் வரிசையில் நிற்க, ஆளுக்கு இரண்டு நிமிஷம் என்று சீட்டுக் கிழிக்கும் ஏற்பாட்டைச் செய்து வைத்திருப்பது டாக்டர் அல்ல, சர்க்கார்தான் என்பது நமக்குத் தெரியும். என்றாலும் "சொன்னால் புரியாது" என்பது வர்க்கத் திமிர்! எந்த மடையைத் திறந்தால் எந்த வயலுக்குத் தண்ணீர் பாயும் என்று தெரிந்தவனுக்கா இது புரியாது?

நாம் இரண்டு கூட்டத்தாரையும் எதிர்க்கிறோம். மாத்திரையும் வேண்டும், அதைப் பற்றிய முழு விவரமும் வேண்டும்.

இது யாருடைய மருந்து?

"வெள்ளைக்காரன் மருந்து" என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. மனநோய்க்கு மருந்து உண்டு என்பதை நவீன முறையில் முதலில் எழுதி வைத்தவர்களில் நம் நாட்டார் இருவர் உண்டு. 1931ல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரண்டு வைத்தியர்கள், சர்ப்பகந்தி வேர் புத்திக் கோளாறுக்கும் ரத்தக் கொதிப்புக்கும் பயன்படுகிறது என்று கட்டுரை வெளியிட்டார்கள். உலகம் இருபது வருஷம் திரும்பிப் பார்க்கவில்லை. 1952ல் ஸ்விட்சர்லாந்து கம்பெனியான சிபா அதே வேரிலிருந்து ரெசர்பின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தது. பிறகு மேல்நாடுகள் பூராவும் அதைத் தின்றன!

இன்று வழக்கிலிருக்கும் மருந்துகளுக்கு மூத்த மாத்திரையான குளோர்புரோமசின் வந்த வழியும் வேடிக்கையானது. துணிக்குப் போடும் சாயங்களை ஆராய்ந்த ரசாயனத்திலிருந்துதான் அதன் வம்சம் தொடங்குகிறது. 1950 டிசம்பரில் பிரான்சில் தயாரித்தார்கள். லபோரி என்ற ராணுவ சர்ஜன், ஆபரேஷன் நோயாளிகளுக்கு இதைக் கொடுத்தால் மனசு அமைதியாகிறது என்று கவனித்தார். 1952ல் பாரிஸ் சென்ட்-ஆன் ஆஸ்பத்திரியில் டிலே, டெனிக்கர் என்ற டாக்டர்கள் மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கூச்சலும் கட்டுமாக இருந்த வார்டுகள் அமைதியாயின. அதற்குப் பின் வந்தவைதான் ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், ஓலன்சபின், குளோசபின் எல்லாம்.

அதே பிரான்சில் இதற்கு நூற்றைம்பது வருஷம் முன்னால் நடந்த ஒன்றையும் சொல்லவேண்டும். பிசேத்ர் என்ற ஆஸ்பத்திரியில் மனநோயாளிகளின் சங்கிலியை 1797ல் கழற்றியவர் டாக்டர் அல்ல. தோல் பதனிடும் தொழிலாளி. புசென் என்று பெயர். தானே நோயாளியாக அங்கே வந்து, பிறகு அங்கேயே மேற்பார்வையாளரானவர். புகழை டாக்டர்கள் வாங்கிக்கொண்டார்கள், அது வழக்கம்தானே!

மடையும் மருந்தும்

இந்த மாத்திரை என்ன செய்கிறது? மூளைக்குள் டோபமைன் என்ற ஒரு சத்து ஓடுகிறது. ஒரு நரம்பிலிருந்து இன்னொரு நரம்புக்குச் செய்தி கொண்டு போவது அதன் வேலைகளில் ஒன்று. இந்த வியாதியில் சில வாய்க்கால்களில் அது கரை புரண்டு ஓடுகிறது. அப்போது இல்லாத குரல் காதில் விழும். எதிரே வருகிறவன் தும்மினால்கூட எனக்கெதிரான சைகை என்று தோன்றும். மாத்திரை அந்த மடையைக் கொஞ்சம் இறக்குகிறது. வெள்ளம் தணிகிறது.

ஆனால் பெருவளை வாய்க்காலில் தலைமடையை இறக்கினால் ஒரு வயலுக்கு மட்டுமா தண்ணீர் குறையும்? அதே டோபமைன்தான் மூளையின் இன்னொரு பக்கத்தில் கை கால் அசைவுக்கும் பாய்கிறது. அங்கேயும் குறைகிறது. அதனால்தான் கழுத்துப் பிடிப்பு, கை நடுக்கம், உடம்பு விறைப்பு, முகம் உணர்ச்சியில்லாமல் போவது. "ஆள் கட்டையாகிவிட்டான்" என்று ஊர் சொல்வது இதைத்தான். வியாதிக்காரன் மூளை மழுங்கவில்லை. மடை தேவைக்கு மேல் இறங்கியிருக்கிறது. அதைத் திரும்பக் கொஞ்சம் ஏற்ற டாக்டரால் முடியும். ஆனால் நீ போய்ச் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

மாத்திரை போட்ட மறுநாளே குரல் நின்றுவிடாது. தூக்கமும் பதட்டமும் சில நாளில் சரியாகும். குரலும் சந்தேகமும் தணிய இரண்டு வாரம், நான்கு வாரம், சிலருக்கு ஆறு வாரம்கூட ஆகும். இதில்தான் மோசடி மாதிரி ஒன்று நடக்கிறது: தொந்தரவு முதல் வாரத்திலேயே வருகிறது, பலன் பின்னால் வருகிறது. முன்கூட்டிச் சொல்லாவிட்டால் எவன்தான் தொடர்ந்து சாப்பிடுவான்?

உழைப்பாளி தெரிந்துகொள்ள வேண்டியவை

மருந்துப் பெட்டியிலுள்ள காகிதத்தில் எறும்பு எழுத்தில் எல்லாம் போட்டிருக்கிறது. ஆனால் அது வெயிலில் நாற்று நடுகிறவளுக்கும் எழுபத்தைந்து கிலோ மூட்டையை லாரிமேல் ஏற்றுகிறவனுக்கும் எழுதப்பட்டதல்ல. நமக்கு வேண்டியதை நாமே எழுதிக்கொள்வோம்.

முதலில் தூக்கமும் தலைசுற்றலும். புது மருந்து தொடங்கிய நாட்களில், அளவு கூட்டிய நாட்களில், உட்கார்ந்தவன் சடக்கென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும். லாரிமேல் ஏறுகிறவனுக்கு, தென்னை ஏறுகிறவனுக்கு, ஓடுகிற பெல்ட்டின் பக்கத்தில் நிற்கிறவனுக்கு இது உயிர் விஷயம். அந்த நாட்களுக்கு வேறு இலகுவான வேலை வேண்டும். மருந்தை ராத்திரி ஒரே வேளையாகச் சாப்பிடலாமா என்று டாக்டரைக் கேட்கவேண்டும். பல மருந்துகளில் அது முடியும்.

அடுத்தது வெயில். இந்த மருந்துகள் உடம்பு சூட்டைச் சமாளிக்கும் சக்தியைக் குறைக்கும். விறைப்புக்குக் கூடவே கொடுக்கும் டிரைஹெக்சிபெனிடில் மாத்திரை வேர்வையையும் குறைத்துவிடும். சித்திரை வெயிலில் அறுப்புக்களத்தில் நிற்கிறவருக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் சூடு தாக்கும். தண்ணீர், நிழல், இடைவேளை மூன்றும் வேண்டும். குளோர்புரோமசின் சாப்பிடுகிறவருக்குத் தோலும் வெயிலில் சீக்கிரம் கன்றிப்போகும், முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டும் அவசியம்.

இன்னொன்று மிகவும் ஏமாற்றக்கூடியது. சிலருக்குக் கால் நிலைகொள்ளாது. உட்கார முடியாது, படுக்க முடியாது, திண்ணைக்கும் தெருவுக்கும் நடந்துகொண்டேயிருப்பார்கள். உள்ளுக்குள்ளே தாங்க முடியாத அவஸ்தை, சிலருக்கு உயிரை விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றும். வீட்டார் இதை "வியாதி முற்றிவிட்டது" என்று டாக்டரிடம் சொல்வார்கள். அவரும் அவசரத்தில் மருந்தைக் கூட்டினால் அவஸ்தை இன்னும் கூடும்! எனவே "வியாதி அதிகமாகிவிட்டது" என்று சொல்லாதீர்கள். "மாத்திரை ஆரம்பித்த பிறகு உட்கார முடியவில்லை" என்று சொல்லுங்கள். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஓலன்சபின், குளோசபின் போன்றவற்றில் விறைப்பு குறைவு, ஆனால் பசி பேய்ப்பசியாகும். உடம்பு பருக்கும், ரத்தத்தில் சர்க்கரை ஏறும், கொழுப்பு ஏறும். ரேஷன் அரிசியே மூன்று வேளையும் ஆகாரமாக உள்ளவனிடம் "டயட் இரு" என்பது கேலி. மருந்து தொடங்கும்போதே எடையும் சர்க்கரையும் பார்க்கவேண்டும், மூன்று மாதத்தில் மறுபடி பார்க்கவேண்டும், பிறகு வருஷா வருஷம். கேட்டு வாங்குங்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை, கூச்சப்படாமல் சொல்கிறேன். ரிஸ்பெரிடோன் போன்ற சில மருந்துகளில் மாதவிலக்கு நிற்கலாம், பிள்ளை பெறாமலே பால் சுரக்கலாம். இதைக் கொண்டு எத்தனை மாமியார்கள் எத்தனை மருமகள்களை என்னவெல்லாம் பேசியிருப்பார்கள்! மருந்தை மாற்றினால் சரியாகக்கூடிய விஷயம். ஆண்களுக்கும் ஆண்மைக் குறைவு வரலாம். அதைச் சொல்ல வெட்கப்பட்டு மாத்திரையையே நிறுத்திவிடுகிறவர்கள் ஏராளம். வெட்கம் வேண்டாம், டாக்டரிடம் சொன்னால் வழி உண்டு. கர்ப்பமானால் பயந்து தானாக நிறுத்திவிடக் கூடாது, உடனே போய்க் கேட்கவேண்டும்.

பீடி குடிக்கும் தோழர்களுக்கு: பீடிப் புகை ஓலன்சபினையும் குளோசபினையும் உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேற்றிவிடும். டாக்டர் உங்கள் பீடிக்கும் சேர்த்துத்தான் அளவு வைத்திருப்பார். மலைக்கு மாலை போட்டுக்கொண்டு திடீரென்று பீடியை நிறுத்தினால் அதே மாத்திரை உடம்பில் கூடுதலாகத் தேங்கும், மயக்கம் அதிகமாகும். பீடியை விடுவது நல்லதுதான். டாக்டரிடம் சொல்லிவிட்டு விடுங்கள். சாராயமும் இந்த மருந்தும் சேரவே கூடாது.

வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவருக்கு வாய் தானாக அசைபோடுவது, நாக்கு துழாவுவது, உதடு சப்புவது தொடங்கினால் அதை "வயசாகிவிட்டது" என்று விடாமல் ஆரம்பத்திலேயே காட்டவேண்டும். முற்றினால் சிலருக்கு மாறாமலே போகும்.

இரண்டு சந்தர்ப்பங்களில் நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. ஒன்று: கடும் ஜுரம், உடம்பு மரக்கட்டையாக விறைப்பு, கொட்டும் வேர்வை, புத்தித் தடுமாற்றம் எல்லாம் சேர்ந்து வந்தால், அடுத்த வேளை மாத்திரை கொடுக்காமல் 108ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். அபூர்வமாக வருவது, ஆனால் உயிரைக் குடிக்கும். இரண்டு: குளோசபின் சாப்பிடுகிறவருக்கு ஜுரமோ தொண்டை வலியோ வந்தால் அன்றைக்கே ரத்தம் பார்க்கவேண்டும். அந்த மருந்து சிலருக்கு ரத்தத்தின் வெள்ளை அணுக்களைத் தீர்த்துக்கட்டும். 1975ல் பின்லாந்தில் இப்படிப் பலர் செத்த பிறகுதான் பல நாடுகள் அதை நிறுத்தின. மற்ற மருந்து எதுவும் கேட்காதவர்களுக்கு அதுதான் கேட்கிறது என்று பின்னால் நிரூபணமானதால், முதல் பதினெட்டு வாரம் வாராவாரம் ரத்தப் பரிசோதனை என்ற நிபந்தனையுடன் திரும்ப வந்தது. அதை இரண்டு நாளுக்கு மேல் விட்டுவிட்டால் பழைய அளவிலேயே தொடங்கக் கூடாது, டாக்டரைக் கேட்டுக் குறைந்த அளவிலிருந்து தொடங்கவேண்டும்.

எந்த மருந்தானாலும் ஒரு வேளை மறந்தால் மறு வேளை இரண்டாகச் சாப்பிடக் கூடாது. "இப்போதுதான் நன்றாயிருக்கிறானே" என்று நிறுத்தவும் கூடாது. மாத்திரையால்தான் நன்றாயிருக்கிறான்! முதல் தடவை வந்த வியாதி என்றால் குணமான பிறகும் குறைந்தது ஒன்றிரண்டு வருஷம். திரும்பத் திரும்ப வந்தால் இன்னும் நெடுங்காலம். நிறுத்த நினைத்தால் டாக்டரைக் கேட்டுப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்தவேண்டும். தினமும் சாப்பிட மறக்கிறவருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு தடவை போடும் ஊசியும் இருக்கிறது. "அடிமையாக்கும்" என்பது பொய். சாராயத்துக்கு ஏங்குவதுபோல் இந்த மாத்திரைக்கு யாரும் ஏங்குவதில்லை.

இன்னொரு கெட்ட வழக்கம் ஊரெங்கும் இருக்கிறது. வியாதிக்காரனுக்குத் தெரியாமல் மாத்திரையைப் பொடித்துக் காபியில் கலந்து கொடுப்பது. பாசத்தால்தான் செய்கிறார்கள், தெரியும். ஆனால் "என் சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள்" என்று சந்தேகப்படும் வியாதிக்காரனுக்கு உண்மையிலேயே கலந்து கொடுத்தால்? ஒருநாள் கண்டுபிடிப்பான். அதன்பிறகு அவன் தாய் கையில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டான். போதாததற்கு, மருந்து உள்ளே போயிருப்பது தெரியாமல் சாராயமும் குடிப்பான், லாரிமேலும் ஏறுவான்.

கம்பெனிகளின் யோக்கியதை

இவ்வளவு தீங்கு இருக்கிறதே, இதை யார் மறைத்தார்கள்? அமெரிக்க ஏகபோகக் கம்பெனியான எலி லில்லி, ஓலன்சபினை அனுமதி இல்லாத உபயோகங்களுக்கு, முக்கியமாகப் புத்தி தடுமாறிய முதியோருக்கு, விற்கத் தூண்டிய வழக்கில் 2009 ஜனவரியில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 141.5 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. உடல் எடையும் சர்க்கரையும் ஏறும் சங்கதியைக் கம்பெனி பூசி மெழுகியது என்று, 2006ல் வெளிவந்த அதன் உள்ஆவணங்களைக் காட்டிப் பத்திரிகைகள் ஏற்கெனவே குற்றம் சாட்டியிருந்தன. ரிஸ்பெரிடோன் உட்பட்ட மருந்துகளை இதேபோல் தள்ளிவிட்ட வழக்கில் ஜான்சன் அண்ட் ஜான்சன் 2013 நவம்பரில் 220 கோடி டாலருக்கு மேல் கட்டச் சம்மதித்தது. கொழுத்த லாபத்தில் ஒரு கிள்ளு!

"பார்த்தீர்களா, மருந்தே முதலாளியின் சூழ்ச்சி" என்று சில அதிதீவிரத் தோழர்கள் குதிப்பார்கள். வேண்டாம். டிராக்டரை மிராசுதார் வைத்திருக்கிறார் என்பதற்காக டிராக்டரைக் கொளுத்துவோமா? மருந்தைக் கண்டது சாயப்பட்டறை ரசாயனமும் ஆஸ்பத்திரி வார்டுகளும் சர்ப்பகந்தி வேரும். கம்பெனிகள் அதன்மேல் உட்கார்ந்துகொண்டிருக்கின்றன. எழுப்பவேண்டியது அவர்களை.

சட்டம் ஏட்டில், சங்கிலி காலில்

2001 ஆகஸ்ட் 6ந் தேதி விடியற்காலை. ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், தனியார் நடத்திய மனநோயாளிகள் விடுதி ஒன்றின் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். புசென் என்ற தொழிலாளி சங்கிலியைக் கழற்றி 204 வருஷத்துக்குப் பிறகு, நம் தமிழகத்தில்! சுப்ரீம் கோர்ட் தானாகவே வழக்கை எடுத்தது. சர்க்கார் விடுதிகளை மூடிற்று. நாலு நாள் பத்திரிகைகள் கண்ணீர் விட்டன.

2017ல் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது, 2018 மே 29 முதல் அமுலில் இருக்கிறது. இந்தச் சட்டத்தை ஒவ்வொரு கிளைச் சங்கமும் வாசிக்கவேண்டும். 95வது பிரிவின்படி மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியிடக் கூடாது. 18வது பிரிவின்படி அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலுள்ள மனநோய் மருந்துகள் சமுதாய சுகாதார நிலையம் முதற்கொண்டு அதற்கு மேலுள்ள சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் எப்போதும் இலவசமாக இருக்கவேண்டும். 22வது பிரிவின்படி தன் வியாதி என்ன, சிகிச்சை என்ன, அதன் பக்கவிளைவு என்ன என்று தெரிந்துகொள்ளும் உரிமை வியாதிக்காரனுக்கு உண்டு. கவனியுங்கள், உரிமை! டாக்டரின் தயவு அல்ல.

திருச்சி ஜில்லாவுக்கு இதில் தனிப் பொறுப்பு இருக்கிறது. சர்க்காரின் ஜில்லா மனநலத் திட்டம் 1990களின் பிற்பகுதியில் தமிழகத்தில் முதன்முதலாகத் தொடங்கியது நம் ஜில்லாவில்தான். முதலில் தொடங்கிய ஜில்லாவிலேயே, டவுனிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போகும் திருவெள்ளறையில், ஒரு அக்கா மாத்திரை அட்டையைப் படிக்கத் தெரிந்தவனைத் தேடி பஸ் நிறுத்தத்தில் நிற்கிறார்! 2015-16ல் பெங்களூர் நிமான்ஸ் நடத்திய தேசிய சர்வே என்ன சொல்லிற்று? பல்வேறு மனநோய்களில் 70லிருந்து 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே எட்டவில்லை. லட்சம் பேருக்கு ஒரு மனநல டாக்டர்கூட நாட்டில் இல்லை. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் 2021 முதல் வீடு தேடி மாத்திரை வருகிறதே, அது நல்ல காரியம். மனநோய் மாத்திரையும் அதே பையில் எல்லாக் கிராமத்துக்கும் வரவேண்டும், கொண்டுவரும் பெண் ஊழியருக்கு நிரந்தரச் சம்பளமும் வேண்டும்.

கோயிலைப் பற்றி

காவேரிக் கரையில் குணசீலம் இருக்கிறது. மனம் கலங்கியவர்களை 48 நாள் தங்கவைத்து, தீர்த்தம் தெளிக்கும் கோயில். நம் ஜில்லா ஏழை ஜனங்கள் தலைமுறையாக அங்கே போகிறார்கள். அவர்களைக் கேலி செய்கிற வேலை நமக்கு வேண்டாம். ஆஸ்பத்திரிக் கதவு மூடியிருக்கும்போது திறந்திருக்கிற வாசலுக்குத்தான் ஜனங்கள் போவார்கள். அங்கேயும் ஏர்வாடிக்குப் பிறகு சர்க்கார் அனுமதியோடு மறுவாழ்வு இல்லமும் டாக்டர் வந்து பார்க்கும் ஏற்பாடும் உண்டாயின.

2002ல் நிமான்ஸ் டாக்டர்கள் தமிழகத்தில் முத்துசாமி கோயில் என்ற இடத்தில் தங்கிய 31 பேரை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மருந்தில்லாமலே வியாதிக்குறிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. சாமியா குறைத்தது? அங்கே அடியில்லை, கட்டில்லை, ஏளனமில்லை, கூட ஒரு சொந்தக்காரர் இருந்தார், செய்ய ஏதோ வேலை இருந்தது. அதுவே இவ்வளவு செய்தால், அதோடு மாத்திரையும் சேர்ந்தால் எவ்வளவு செய்யும்! தீர்த்தம் தெளித்துக்கொள்பவர் தெளித்துக்கொள்ளட்டும். ஆனால் "மாத்திரையை நிறுத்து" என்று எவனாவது சொன்னால் அவனை விடக்கூடாது.

நம் வீட்டுக் குப்பை

கடைசியாக நம்மைப் பற்றியும் சொல்லவேண்டும். சங்கக் கூட்டத்தில் எதிர்த்துப் பேசுகிறவனை "மென்டல்" என்கிறோமா இல்லையா? ஒரு தோழன் மூன்று வாரம் வேலைக்கு வராவிட்டால் கால் முறிந்ததா என்று போய்ப் பார்க்கிறோம். மனசு முறிந்தது என்று தெரிந்தால் அந்தத் தெரு வழியாகவே போவதில்லை. திருவெள்ளறை நாலுமூலைக் கேணியில் ஒரு படித்துறையில் குளிப்பவர் மறு படித்துறைக்குத் தெரியமாட்டார். நம் தெருக்களிலும் அப்படித்தான், நூறு பேருக்கு ஏறக்குறைய ஒருவருக்கு இந்த வியாதி வரும் என்றால், நம் சங்கத்தில் எத்தனை வீட்டில் இருக்கும்? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ரைஸ்மில் முதலாளி அந்தப் பையனிடம் சொன்னாராம்: "முழுசாகச் சரியான பிறகு வா." காசநோய்க்காரனிடமும் ஒரு காலத்தில் இப்படித்தான் சொன்னார்கள். 2016ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் சேர்ந்திருக்கிறது. மருந்து தொடங்கிய முதல் வாரங்களுக்கு லாரிமேல் ஏற்றாமல் கீழே தராசடியில் நிறுத்து, வெயில் நேரத்தில் நிழலில் வேலை கொடு, மாதம் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போகச் சம்பளத்தோடு லீவு விடு என்ற மூன்று கோரிக்கைகளை மில் தொழிலாளர் சங்கம் அடுத்த கோரிக்கை மனுவில் சேர்க்கத் தீர்மானித்திருக்கிறது. சங்கத்துக்குள்ளேயே ஒருவர் முணுமுணுத்தார், "இதெல்லாம் கூலி உயர்வுக்கு முன்னால் ஒரு பிரச்னையா?" என்று. அவருக்குப் பதில் சொன்னது, இருபது வருஷமாக மூட்டை தூக்கும் இன்னொரு தோழர்: "கூலி உயர்ந்து, தூக்க ஆளில்லாமல் நான் வீட்டில் கிடந்தால் யாருக்கு அந்தக் கூலி?" தன் தம்பிக்கும் அந்த வியாதிதான் என்று அன்றைக்குத்தான் அவர் முதன்முதலாகச் சங்கத்தில் சொன்னார்.

அந்த அக்காவும் தம்பியும் போன வாரம் ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போனார்கள். போகும்முன் 14416 என்ற இலவச டெலிபோனில், 2022 முதல் நடக்கும் மனநல உதவித் தொடர்பில், ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டார்கள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அக்காவின் மகள், பழைய ஆஸ்பத்திரிச் சீட்டின் பின்பக்கத்தில் ஐந்து கேள்விகள் எழுதிக் கொடுத்திருந்தாள்: இந்த மருந்தின் பேர் என்ன? எத்தனை நாளில் கேட்கும்? என்ன தொந்தரவு வரும்? வந்தால் யாரிடம் ஓடுவது? மாமா எப்போது மூட்டை தூக்கலாம்? டாக்டர் முதலில் முகத்தைச் சுளித்தாராம். பிறகு உட்காரச் சொல்லி, ஐந்துக்கும் பதில் சொன்னாராம். மருந்து மாறியிருக்கிறது. சர்க்கரை பார்க்க மூன்று மாதத்தில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.